வன்னியபெருமாள் விழுந்த சத்தம்

வன்னியபெருமாள் பைக்கிலிருந்து விழுந்தது பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்றே முக்காலுக்கு. விழுந்த சத்தம் அவன் இருக்கும் ஆரியசாலைக்குப் பக்கத்தில் வந்து சேர ஆகஸ்ட் மாதம் ஆகிவிட்டது. இடைப்பட்ட தூரம் பதினைந்து கிலோமீட்டர். விழிஞ்ஞத்துக்கு மேலே முக்கோலைப் பக்கம், யாரோ மண் வெட்டி எடுத்துவிட்டுப் போன செம்மண் பொட்டலில் அன்று பைக் பந்தயம் நடந்தது. நாலாவது சுற்றில் இரட்டை மேட்டைத் தாவும்போது அவனுடைய அறுபத்தொன்றாம் எண் வண்டி முன்சக்கரம் குத்தி விழுந்ததை ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். ஒருவர் காதிலும் ஒன்றும் விழவில்லை. மற்ற பதினெட்டு வண்டிகளின் இரைச்சல் கேட்டது, மைக் பிடித்தவனின் தொண்டை கேட்டது, கப்பலண்டிக் கடலை வறுக்கிறவன் சட்டியைத் தட்டியதுகூடக் கேட்டது. அந்த ஒரு வண்டி மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்த டி.வி.யில் நடப்பதைப் போலப் புரண்டு புரண்டு போய் வைக்கோல் கட்டில் முட்டி நின்றது. கத்த வேண்டும் என்பதுகூடக் கூட்டத்துக்குச் சற்றுத் தாமதமாகத்தான் நினைவு வந்தது.

ஆசுபத்திரியில் இடது தொடையெலும்பு இரண்டு துண்டு, காறை எலும்பு ஒன்று, விலா இரண்டு என்று எழுதினார்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று டாக்டர் கேட்டதற்கு, இல்லாத சரக்குக்கு எப்படி எடை சொல்ல என்று வன்னியபெருமாள் திருப்பிக் கேட்டான். அவன் பொய் சொல்லவில்லை. ஊசி குத்தினால் வலித்தது, கொசு கடித்தால் சொறிந்தான், வலது கால் கட்டை விரலை டாக்டர் நசுக்கிப் பார்த்தபோது மரியாதை இல்லாத ஒரு வார்த்தை சொன்னான். விழுந்ததற்கான வலி மட்டும் உடம்பில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அதிர்ச்சியில் இப்படி ஆவதுண்டு, பின்னால் வரும் என்றார் டாக்டர். எங்கிருந்து வரும் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. நாலாம் நாள் வன்னியபெருமாள் படுக்கையில் சாய்ந்து புரோட்டா தின்றுகொண்டே, நவம்பர் பந்தயத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிடும்படி அஜீஷிடம் சொன்னான். அஜீஷ் அவனுடைய மெக்கானிக். கரமனையில் பட்டறை வைத்திருப்பவன். எட்டு வருஷமாக அந்த வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் அவன் கைபட்டது. அஜீஷ் வாயைத் திறப்பதற்கு முன் கலைச்செல்வி முந்திக்கொண்டாள். "வலி தெரியாத ஆளு பேசுதாவ. இந்தப் பேச்சை நான் கணக்குல எடுக்க மாட்டேன். வலி வரட்டும், அப்பொறம் கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

கலைச்செல்வி அவன் மனைவி. ஆரியசாலையில் கயிறு, சணல், தார்ப்பாய் விற்கும் எட்டடி அகலக் கடை அவர்கள் இருவருடையது, மேல்மாடியில் வீடு. வன்னியபெருமாளின் அப்பா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஆறு நாள் கயிறு அளந்து, ஏழாம் நாள் மேடு தாண்டுவது அவனுக்குப் பழக்கம். கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொல்லித்தான் கட்டினான், அவளும் கேட்டுக்கொண்டுதான் கழுத்தை நீட்டினாள், ஆகவே அந்த விஷயத்தில் அவர்களுக்குள் சண்டை கிடையாது. ஒரு பந்தயத்துக்கும் அவள் பார்க்கப் போனதில்லை என்பதோடு சரி.

மார்ச் முதல் வாரத்தில் விழிஞ்ஞத்துப் படகுக்காரர்கள் கரையில் ஒரு சத்தத்தைக் கேட்டார்கள். அவர்களுக்கு அது படகு எஞ்சினின் விசிறி பாறையில் மோதி உடைவதாகக் கேட்டது. எட்டுப் பேர் தங்கள் தங்கள் எஞ்சினைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று வைத்தார்கள். அடுத்த வாரம் கோவளம் போகும் சாலையில் லாரிக்காரர்களுக்குக் கண்டெய்னர் சரிவதாகக் கேட்டது. கோவளத்தில் ஒரு ஓட்டலில் நாற்பது பீங்கான் தட்டு ஒன்றாக உடைந்த சத்தம் கேட்டு, தட்டெல்லாம் அடுக்கில் அப்படியே இருக்கக் கண்டு மானேஜர் சர்வரைத் திட்டினார். திருவல்லத்தில் காகங்கள் ஒன்றரை நாள் ஆற்றுக்கு அக்கரை போய்விட்டன. முன்னோருக்குப் பலி போட வந்தவர்களின் சோற்றுருண்டை கரையிலேயே காய்ந்தது. அவரவர் தொழிலுக்குத் தக்கபடி அவரவர் கேட்டார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒன்றுதான்: சத்தம் நின்ற இடத்தில் நிற்கும்போது இடது தொடையில் ஒரு குடைச்சல் எடுக்கிறது, சத்தம் நகர்ந்ததும் விட்டுவிடுகிறது.

அஜீஷ்தான் முதலில் புரிந்துகொண்டான். திருவல்லம் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சாவி வாங்கப் போனவன், தெருவில் காலை வைத்ததும் தன் கையால் டியூன் செய்த எஞ்சினை அடையாளம் கண்டுகொண்டான். பெற்றவளுக்குப் பிள்ளையின் இருமல் தெரியாதா. பட்டறைக்கு ஓடிப்போய் நீள ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து, எஞ்சினுக்குள் பேரிங் தேய்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் செய்வதுபோல, நுனியைத் தாரில் ஊன்றிப் பிடியைக் காதோரம் வைத்துப் பகல் முழுவதும் அங்கங்கே குந்திக் கேட்டான். சத்தம் சாலையில் நூற்றிருபது மீட்டர் நீளத்துக்குக் கிடந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் நகர்ந்தது. அதன் முன்பக்கம் எப்போதும் வன்னியபெருமாள் இருக்கும் திசையைப் பார்த்தே இருந்தது. பின்பக்கமிருந்து நுழைந்த பஸ்காரர்களுக்கு அது தலைகீழாகக் கேட்டது. நின்று கேட்டால் ஒரு நாளுக்கு மேல் இழுத்த முனகல். வண்டியில் கடந்தால் சுருங்கும். விழுந்த அன்று இருந்த அதே எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் ஆறே விநாடி, அச்சாக நடந்தது நடந்தபடி. அஜீஷ் எழுபதில் கடந்து பார்த்தான். பட்டறைக்குத் திரும்பி வந்தவன் கொஞ்ச நேரம் கை கழுவிக்கொண்டே இருந்தான்.

"வண்டிக்கு ஒரு குற்றமும் இல்ல, அளியா. செயின் ஓகே, பிரேக் ஓகே. என் பணியில பிழை இல்ல" என்று கடைக்கு வந்து சொன்னான். அது போதும் என்று கிளம்பப் போனவனை வன்னியபெருமாள் கையைப் பிடித்து நிறுத்தி, அப்புறம் என்ன கேட்டது என்றான். அஜீஷ் கையை விடுவித்துக்கொண்டான். "பாக்கி நீயே கேக்கணும். அது நான் பறைஞ்சா சரியாகாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அந்த நிமிஷத்தில்தான் வன்னியபெருமாளுக்குப் பயம் பிடித்தது. அதுவரை எலும்புக்குப் பிளேட் வைத்த காலோடு மாடிப்படி ஏறி இறங்கி வீறாப்பாகத் திரிந்தவன், வலி தொலைந்துபோகவில்லை, தெருத் தெருவாக விலாசம் விசாரித்து வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் ஆடிப்போனான். தெற்கே பார்த்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். மணக்காட்டிலிருந்து, அம்பலத்தறையிலிருந்து கயிறு வாங்க வந்தவர்களிடமெல்லாம் எங்கே வந்திருக்கிறது என்று விசாரித்தான். யாராவது ஷட்டரை இழுத்தால் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றான். அஜீஷ் சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்து, தான் எப்படிக் கதறியிருப்பேன், யாரை அழைத்திருப்பேன், என்ன கெஞ்சியிருப்பேன் என்று விதவிதமாகக் கற்பனை செய்தான். எட்டு வருஷம் மேடு தாண்டியவனின் குரல் கடைசியில் எப்படி உடைந்தது என்பதை ஊரில் ஆட்டோக்காரன் முதல் மீன்காரி வரை கேட்டிருக்கிறார்கள், அவனுக்குத்தான் தெரியாது. நவம்பர் என்ற வார்த்தையையே விட்டுவிட்டான்.

ஜூன் மாதம் ஓடிப் பார்த்தான். செங்கோட்டையில் அத்தை வீட்டில் மூன்று வாரம் இருந்தான். சத்தம் அம்பலத்தறையில் கிழக்கே திரும்பிற்று. சாலையை விட்டு, மதிலைத் தாண்டி, ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டரின் அடுக்களைக்குள் நுழைந்தது. அந்த வீட்டம்மா லீலாபாய் ஒரு நாளும் ஒரு இரவும் இடது தொடையைப் பிடித்துக்கொண்டு அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகக் கலைச்செல்வி போனில் சொன்னாள். ஒரு அடுக்களையில் இவனுக்காக இன்னொருத்தி வலி தாங்கியதைக் கேட்டு அவனுக்கு வெட்கமாகிவிட்டது. பஸ் பிடித்துத் திரும்பினான். சத்தமும் திரும்பி, கமலேஸ்வரம் வழியாகப் பழைய பாதைக்கு வந்தது.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஆறுமுகசாமி, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மொத்தப் பலசரக்கு வியாபாரி. கூட்டிக் கழித்துத்தான் எதையும் பேசுவார். சத்தம் மணக்காட்டை நெருங்கிவிட்டது, இதே நடையில் போனால் சரியாக உத்திராடத்தன்று ஆரியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவுக்குள் நுழையும் என்று விளக்கினார். திருவோணத்துக்கு முதல் நாள். அன்றைக்கு அந்தத் தெருவில் ஊரே வந்து நிற்கும். சங்கம் தன்னால் ஆனதைச் செய்து பார்த்ததையும் சொன்னார். மூட்டை அடுக்கினால் சத்தம் தாண்டாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நாற்பது மூட்டை முழு உளுந்தைச் சாலைக்குக் குறுக்கே அடுக்கியிருந்தார்கள். பஞ்சு மூட்டை அடுக்கத் தோன்றவில்லை. பலசரக்குக்காரர்களுக்கு மூட்டை என்றால் உளுந்துதான். மறுநாள் பிரித்துப் பார்த்தபோது அத்தனையும் தோலோடு இரண்டாக உடைந்த பருப்பாகக் கிடந்தது. சத்தம் அந்தப் பக்கம் போயிருந்தது.

"தம்பி தப்பா நெனைக்கப்பிடாது" என்றார் ஆறுமுகசாமி. "உத்திராடத்தன்னிக்கு சாலையில கால் குத்த எடமிருக்காது. கொச்சுப் பிள்ளைகளத் தூக்கிட்டு வருவாவ. நடுவுல இது வந்து நொழைஞ்சா ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து நாறிப்போவும். சத்தம் உங்களுதுதானே? நீங்களே எறங்கிப் போயி வாங்கிக்கிட்டியன்னா நல்லது."

வன்னியபெருமாள், "எனக்கு பயமா இருக்கு, அண்ணாச்சி" என்றான். ஆரியசாலையில் ஒரு ஆண்பிள்ளை நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னதை அவர்கள் கேட்டதில்லை. யாரும் சிரிக்கவில்லை. தெருவை மறித்துக் கொடுப்பது, போலீசில் சொல்லி வைப்பது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

கணவனும் மனைவியும் அந்த வாரம் முழுக்க அதைப் பேசினார்கள். வழி இரண்டுதான். தெருவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு நாளுக்கு மேல் அது தன்மேல் ஊர்ந்து போகும்வரை தாங்குவது ஒன்று. இல்லாவிட்டால் வண்டியில் ஏறி எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் நுழைந்து ஆறு விநாடியில் வெளியே வருவது. "உக்காந்திருங்க. நானும் பக்கத்துல உக்காருதேன், பாதியை நான் வாங்கிக்கிடுதேன்" என்றாள் கலைச்செல்வி. லீலாபாய் வாங்கியதை நினைத்து அவன் வேண்டாம் என்றான். வண்டியில் ஏறுவதும் ஆகிற காரியமாகத் தெரியவில்லை. விழுந்த நாளுக்குப் பிறகு அவன் பைக்கின் பின்சீட்டில்கூட உட்காரவில்லை. சத்தத்துக்குள் போகும்போது மறுபடி விழுந்தால் விழுந்த இடத்திலேயே, அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்துவிடுவதென்று முடிவு செய்தான், மத்தியானம் மாற்றினான், சனிக்கிழமை இரண்டு தடவை மாற்றினான். கடைசியில் தைரியம் வந்து முடிவு செய்தான் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் முழுக்கப் பயப்பட உடம்பில் தெம்பு இல்லை, ஆறு விநாடிக்கு இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் இருபத்துநாலு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால். அட்டக்குளங்கரையிலிருந்து மணக்காடு போகும் சாலையில் ஒவ்வொரு சந்து வாயிலிலும் சங்கத்து ஆட்கள் இரண்டிரண்டு பேராகக் கயிறு பிடித்து நின்றார்கள். கயிறு வன்னியபெருமாளின் கடைச் சரக்கு. அளவு பார்த்து வெட்டிக் கொடுத்ததும் அவனே. வண்டி அஜீஷினுடையது. கலைச்செல்வி மறுகோடியில், சத்தத்தின் வால் முடியும் இடத்துக்கு இருபது அடி தள்ளி நின்றாள். அதற்குக் கிட்டே போக வேண்டாம் என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தான்.

ஏறி உட்கார்ந்து மூன்று தடவை எஞ்சினை அணைத்தான். முதல் தடவை ஹெல்மெட் வார் இறுக்கமில்லை என்றான். இரண்டாம் தடவை கண்ணாடியில் ஆவி படிகிறது என்றான். மூன்றாம் தடவை காரணம் ஒன்றும் சொல்லவில்லை, வெறுமனே அணைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அஜீஷ் அவசரப்படுத்தவில்லை. பால் வண்டி ஒன்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தது. நாலாம் தடவை கிளப்பியவன், யோசித்தால் மறுபடி அணைத்துவிடுவோம் என்று பயந்து, அந்தப் பயத்திலேயே கிளட்சை விட்டான்.

முப்பது, ஐம்பது, அறுபத்தைந்து. எழுபதில் சத்தத்துக்குள் நுழைந்தான். முதலில் அவனுடைய பழைய எஞ்சின், இவன் ஓட்டிக்கொண்டிருந்ததன்மேல் இன்னொரு வண்டி ஏறிக்கொண்டதுபோல் முழங்கிற்று. பிறகு மேடு ஏறும் முறுக்கு. பிறகு இரண்டு சக்கரமும் மண்ணை விட்ட அந்த இடம். அங்கே ஒரு விநாடிக்கு எஞ்சின் தணிந்து காற்று மட்டும் கேட்டது, அந்தக் காற்றுக்குள் ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். வாய்விட்டு, ஒளிவு மறைவில்லாமல், யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பிச் சிரிக்கிற சிரிப்பு. அது தன் குரல் என்று வன்னியபெருமாளுக்குத் தெரியும் முன் இரும்பு மண்ணில் இறங்கிற்று, எலும்பு உடைந்தது, ஆறரை மாத வலி மொத்தமாக இடது தொடையில் வந்து உட்கார்ந்தது. பிரேக்கை அழுத்து என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடுவான். அவன் ஆக்சிலேட்டரைத் திருகினான், கதறிக்கொண்டே திருகினான், பழைய கதறலும் புதுக் கதறலும் எது எதென்று பிரிக்க முடியாதபடி கலந்தன, பிறகு எதிரே கலைச்செல்வியின் மஞ்சள் சுடிதார் தெரிந்தது.

வண்டியை நிறுத்திவிட்டுச் சாலையிலேயே மல்லாந்து படுத்து ஓலமிட்டான். வலி ஒன்பது என்று அஜீஷிடம் சொன்னான், பிறகு பத்து என்றான். கயிறு பிடித்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார்கள். மாத்திரை, ஒத்தடம், மறுபடி எக்ஸ்ரே என்று பத்து நாள் போயிற்று. சாலைக் கடைத்தெருவில் ஓணம் அமர்க்களமாக நடந்தது. உடைந்த உளுந்தைக்கூட ஆறுமுகசாமி வடைப் பருப்பென்று தள்ளிவிட்டார். உள்ளே என்ன கேட்டது என்று எல்லோரும் கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. கதறலுக்குப் பயந்து மாதக்கணக்காய்ச் செத்தவனுக்கு இப்போது அந்தச் சிரிப்பு கதறலைவிடப் பயமாக இருந்தது. கதறியவன் ஒருவேளை வீட்டில் இருந்துவிடுவான். சிரித்தவன் இருக்கமாட்டான்.

எடுத்துக்கொள்ள ஆள் வந்துவிட்டதால் சத்தம் அதற்குமேல் அலையவில்லை. அவன் பின்னாலேயே வீட்டுக்கு வந்து கடையில் தங்கிவிட்டது. பழைய பிரிட்ஜ் ஓடுகிற அளவுக்குத்தான் கேட்கும், வேறு யார் தொடையும் குடையாது. வாடிக்கைக்காரர்கள் இரண்டு நாள் நெற்றியைச் சுருக்கினார்கள், மூன்றாம் நாள் கொஞ்சம் உரக்கப் பேசப் பழகிக்கொண்டார்கள். கலைச்செல்வி அதைச் சுற்றிப் பெருக்கினாள். செப்டம்பர் எட்டாம் தேதி காலை, பந்தல்காரர் ஒருவருக்கு அவள் குனிந்து சணல் கயிறு அளந்துகொண்டிருந்தபோது, தார்ப்பாய் அடுக்குக்கு அடியிலிருந்து அந்த ஒரு விநாடிச் சிரிப்பு அவள் காதில் விழுந்தது. கை நின்றது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவள் முன்னால் அவன் அப்படிச் சிரித்ததில்லை. மறுபடி வருமா என்று அடுக்குக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். மறுபடி வந்தது. பந்தல்காரர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வன்னியபெருமாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து, முன்போலவே கயிற்றை அளக்கத் தொடங்கினாள்.

"வலிக்குதா?" என்று சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"வலிக்கு."

"நவம்பருக்குப் பேரு குடுக்கக் கடைசி நாள் என்னைக்கு?"

தேதி முடிஞ்சு போச்சு என்று ஒரு பொய் சொன்னால் போதும்; அவள் நம்பிவிடுவாள், அஜீஷும் ஒன்றும் சொல்லமாட்டான். தொடை நடுங்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "புதன்கிழமை" என்றான்.